மனத்துக்கும் ஓர் ஆய்வுக்கூடம்

தேர்வில் மதிப்பெண் குறைந்துபோன ஒரு மாணவனிடம், "என்னப்பா, எப்படி இருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு மாதிரியா இருக்கு, சார்" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்த 'ஒரு மாதிரி'க்குள் என்ன இருக்கிறது? மதிப்பெண் போயிற்றே என்ற வருத்தமா? நண்பர்கள் முன் தலைகுனிய நேர்ந்ததே என்ற வெட்கமா? அப்பா என்ன சொல்வாரோ என்ற பயமா? விடைத்தாளைச் சரியாகத் திருத்தவில்லை என்ற கோபமா? நான்கும் வேறு வேறு. அவற்றுக்கான மருந்தும் வேறு வேறு. வருத்தத்துக்கு ஆறுதல் வேண்டும். வெட்கத்துக்கு, 'உன் மதிப்பு குறைந்துவிடவில்லை' என்று காட்டும் ஒரு நண்பன் வேண்டும். பயத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். கோபத்துக்கு நியாயம் வேண்டும். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பது எங்ஙனம்?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் செய்தித்தாள்களில் படிக்க நேரும் துயரச் செய்திகளை எண்ணிப் பார்த்தால், இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பது விளங்கும். தன் மனத்தில் நடப்பது என்னவென்று மாணவனே அறிந்துகொள்ள வேண்டும். அதற்குச் செலவில்லாத இரண்டு கருவிகள் நம்மிடம் உள்ளன. ஒன்று கதைப் புத்தகம், மற்றொன்று விளையாட்டு. அவை எவ்வாறு உதவுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வெப்பம் கற்பித்த பாடம்

இயற்பியல் ஆசிரியனுக்கு மனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியல் வரலாற்றிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு பாடம் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை 'வெப்பம்', 'வெப்பநிலை' என்ற இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. ஸ்காட்லாந்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் என்ற அறிவியலார் பனிக்கட்டி உருகுவதை உன்னிப்பாகக் கவனித்தார். அது உருகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஆனால் வெப்பநிலைமானி ஒரே இடத்தில் நிற்கிறது! அப்படியானால் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கிடைத்த பிறகே வெப்பவியல் வேகமாக வளர்ந்தது.

பிரித்து அறிவதும் பெயரிடுவதும் அறிவியலின் முதற்படிகள். மனத்துக்கும் இது பொருந்தும். 'ஒரு மாதிரி' என்பது, 'கொஞ்சம் சூடாக இருக்கிறது' என்று சொல்வதைப் போன்றது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கையும் போட முடியாது.

உடலில் நடப்பது என்ன?

தெருவில் ஒரு நாய் உங்களைத் துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் உடல் தயாராகிவிடுகிறது. மூளையின் உட்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவில் உள்ள அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை உணர்த்துகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற சுரப்பு நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. 'எதிர்த்து நில், அல்லது ஓடு' என்று உடல் சொல்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்.

வினாத்தாள் கைக்கு வரும்போதும் நம் உடல் ஏறத்தாழ இதையேதான் செய்கிறது. கோபம் வந்தாலும் இதயம் படபடக்கிறது. கபடிப் போட்டியில் கடைசி நிமிடத்தில் நம் அணி வெற்றியை நெருங்கும்போதும் படபடக்கிறது. பல உணர்ச்சிகள் உடலில் ஒரே மாதிரியான அடையாளங்களைக் காட்டுகின்றன. ஆகவே, படபடப்பை மட்டும் வைத்துக்கொண்டு இது பயமா, கோபமா, ஆர்வமா என்று கூறிவிட முடியாது. மாணவன் 'ஒரு மாதிரி' என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. உணர்ச்சியை நிதானமாக எடைபோட உதவும் முன்மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ச்சி பெற்றுக்கொண்டே இருக்கிறது. பதின்பருவத்தில் வண்டியின் வேகம் கூடிவிடுகிறது. பிரேக் இன்னும் பொருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. இது மாணவனின் குற்றம் அன்று, வளர்ச்சியின் இயல்பு.

தொல்காப்பியம் தரும் அட்டவணை

உணர்ச்சிகளைப் பிரித்துப் பெயரிடும் வேலையைத் தமிழர்கள் மிகப் பழங்காலத்திலேயே செய்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் 'மெய்ப்பாட்டியல்' என்று ஓர் இயல் உண்டு. மெய் என்றால் உடல். மனத்தின் உணர்வு உடலில் புலப்படுவது மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, இழிவுணர்வு, வியப்பு, அச்சம், பெருமிதம், சினம், மகிழ்ச்சி என்று எட்டு மெய்ப்பாடுகள் அங்கே பேசப்படுகின்றன.

அதைவிடச் சிறப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு மெய்ப்பாடும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்றும் அந்த இயல் வகுத்துச் சொல்கிறது. அழுகை எதனால் வருகிறது? பிறர் இழிவாக நடத்துவதால் வரலாம், இழப்பால் வரலாம், இருந்த நிலையிலிருந்து தாழ்வதால் வரலாம், வறுமையால் வரலாம். பெருமிதத்தின் காரணங்களில் முதலாவதாகக் கூறப்படுவது கல்வி. எட்டு நான்கு முப்பத்திரண்டு! ஓர் அறிவியல் அட்டவணையைப் போலவே இருக்கிறதன்றோ?

வகுப்பில் ஒரு சிறுமி அழுகிறாள் என்றால், "அழாதே" என்று சொல்வதைவிட, இந்த நான்கில் எது காரணம் என்று பார்ப்பது மேலானது. பேனா தொலைந்து அழும் குழந்தையும், புதுப் பேனா வாங்கப் பணமில்லை என்று அழும் குழந்தையும் ஒரே கண்ணீரைத்தான் விடுகின்றன. காரணங்கள்தாம் வேறு.

பெயர் சொன்னால் என்ன ஆகும்?

பெயரைத் தெரிந்துகொண்டால் மட்டும் உணர்ச்சி அடங்கிவிடுமா என்ற ஐயம் எழலாம். 2007-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். கோபமும் பயமும் காட்டும் முகங்களின் படங்களைச் சிலருக்குக் காட்டி, அவர்களுடைய மூளையின் செயற்பாட்டைக் காந்த அதிர்வுக் கருவியால் பதிவு செய்தார்கள். முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் செயற்பாடு குறைந்தது. முன்மூளையின் ஒரு பகுதியில் செயற்பாடு கூடியது.

'எனக்கு இப்போது பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்வது கோழைத்தனம் அன்று. பயத்தின் பிடியைச் சற்றே தளர்த்தும் செயல் அது. நம் பாட்டிமார்கள், "மனசுக்குள்ளேயே வச்சுக்காம சொல்லிடு, கண்ணு" என்று சொல்லி வந்ததில் பொருள் இருக்கிறது.

ஏன் புத்தகமும் விளையாட்டும்?

மின்சாரம் கற்பிக்கும்போது மாணவனை 230 வோல்ட் கம்பியைத் தொடச் சொல்வோமா? ஒன்றரை வோல்ட் மின்கலத்தைக் கையில் கொடுக்கிறோம். சிறிய பல்பு எரிகிறது. விதி ஒன்றே, ஆபத்து மட்டும் இல்லை.

வாழ்க்கையில் வரும் தோல்வி உயர் மின்னழுத்தம் போன்றது. அது தாக்கும் நேரத்தில் உட்கார்ந்து ஆராய முடியாது. கதையிலும் விளையாட்டிலும் அதே உணர்ச்சி சிறிய அளவில் வருகிறது. கதையில் பிறருடைய உணர்ச்சியை வெளியே நின்று பார்க்கிறோம். விளையாட்டில் நம்முடைய உணர்ச்சியையே, ஆனால் ஆபத்தில்லாத அளவில், உள்ளே நின்று பார்க்கிறோம். ஆகவே இவ்விரண்டையும் மனத்தின் ஆய்வுக்கூடங்கள் எனலாம்.

இந்தியாவில் இதைச் செய்து காட்டியவர்களில் குறிப்பிடத்தக்கவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா. வழக்கறிஞராக இருந்து ஆசிரியரானவர் அவர். 1920-இல் பவநகரில் குழந்தைகளுக்கான 'பால மந்திர்' பள்ளியைத் தொடங்கினார். அவர் எழுதிய 'பகல் கனவு' என்ற நூல் தமிழிலும் வந்துள்ளது. அந்நூலில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பைப் பாடப் புத்தகத்தோடு தொடங்குவதில்லை. கதைகளோடும் விளையாட்டுகளோடும் தொடங்குகிறார். பிற ஆசிரியர்கள் நகைக்கிறார்கள். ஆனால் அடங்காத வகுப்பு மெல்ல அவரோடு ஒட்டிக்கொள்கிறது.

கதை என்ற கண்ணாடி

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகியின் 'டோட்டோ சான்' 1981-இல் வெளிவந்த நூல். தமிழிலும் பலர் படித்திருப்பீர்கள். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு நீக்கப்பட்ட ஒரு சிறுமி, டோமோயி என்ற புதிய பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கிறார்! அப்பள்ளியில் உடல் வளர்ச்சி நின்றுபோன தகஹாஷி என்ற சிறுவனும் படிக்கிறான். விளையாட்டு விழாவில் எல்லாப் போட்டிகளிலும் வெல்பவன் அவனே. குட்டையான கை கால்களுக்கு ஏற்றபடி போட்டிகளைத் தலைமையாசிரியர் அமைத்திருந்தார். பரிசு என்ன தெரியுமா? காய்கறிகள்!

இதைப் படித்துக் காட்டியபின், "இக்கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மனப்பாடமான விடைதான் வரும். வேறு கேள்விகள் உள்ளன. 'வென்றபோது தகஹாஷிக்கு என்ன தோன்றியிருக்கும்? அவனிடம் தோற்ற வேகமான பையனுக்கு? அவன் தன் வருத்தத்தை வெளியே காட்டியிருப்பானா? காய்கறியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வெட்கமாக இருந்திருக்குமா, பெருமையாக இருந்திருக்குமா?' இக்கேள்விகளுக்கு ஒரே சரியான விடை கிடையாது. தன்னைப் பற்றிப் பேசக் கூசும் மாணவன், தகஹாஷியைப் பற்றித் தாராளமாகப் பேசுவான். பேசுவதற்குத் தேவையான சொற்களையும் அப்போதே சேர்த்துக்கொள்வான்.

புத்தகம் படித்தால் உடனே பிறர் மனம் புரிந்துவிடும் என்று மிகைப்படுத்தலாகாது. இலக்கியக் கதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் உணர்வை அறியும் திறன் கூடுகிறது என்று 2013-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் அதே சோதனையைச் செய்து பார்த்த வேறு குழுக்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. புத்தகம் ஒரு வேளை மாத்திரை அன்று. நாள்தோறும் உண்ணும் உணவு. படிப்பதோடு பேசுவதும் சேர வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த நூல்கள் வேண்டுமென்பதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்ற நான்கு படிகளில் சிறு கதை நூல்கள் அரசுப் பள்ளிகளுக்குத் தரப்பட்டன. அத்தகைய ஒரு சிறு நூலே ஒரு வாரப் பேச்சுக்குப் போதும்.

தாயம் விழாத கோபம்

இனி விளையாட்டுக்கு வருவோம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நம் வீடுகளில் பரமபதம் ஆடுவதுண்டு. ஏணியில் ஏறினால் துள்ளுகிறோம். பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்தால் முகம் சுருங்குகிறது. ஆனால் சற்றே சிந்தியுங்கள். ஆறு முகப் பகடையில் நமக்கு வேண்டிய எண் விழும் வாய்ப்பு 6-இல் 1. அதில் நம் திறமை எள்ளளவும் இல்லை. அப்படியிருந்தும், 'நான் எப்போதும் இப்படித்தான், எனக்கு எதுவும் அமையாது' என்று ஒருவன் சோர்ந்து போகிறான். இன்னொருவன், "நீ கட்டையை ஒழுங்கா உருட்டல" என்று சண்டைக்கு வருகிறான்.

இப்போது ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். பகடை இல்லை, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. இங்கே தோற்றால் காரணம் காயை நகர்த்தியதில்தான் இருக்கிறது.

இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற ஒருவனை, 'எந்தத் தோல்வி அதிகம் உறுத்தியது? ஏன்?' என்று கேளுங்கள். அமெரிக்க உளவியலார் பெர்னார்ட் வீனர் விளக்கிய உண்மை இங்கே வெளிப்படும். ஒரு நிகழ்ச்சிக்கு நாம் எதைக் காரணமாகக் கருதுகிறோமோ, அதைப் பொறுத்தே நம் உணர்ச்சி அமைகிறது. 'எனக்கு அறிவில்லை' என்று நினைத்தால் வெட்கம் வரும். 'அடுத்தவன் கெடுத்தான்' என்று நினைத்தால் கோபம் வரும். 'இம்முறை போதிய அளவு முயலவில்லை' என்று நினைத்தால் வருத்தத்தோடு நம்பிக்கையும் வரும். தேர்வுத் தோல்வியிலும் பகடையின் பங்கு எவ்வளவு, காய் நகர்த்தலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மாணவன் கற்றுக்கொண்டால், அவன் தன்னையே வெறுக்க வேண்டிய தேவை இராது.

ஆடு புலி ஆட்டத்தில் இன்னொரு பயனும் உண்டு. முதல் ஆட்டத்தில் புலியாக ஆடியவர் இரண்டாவதில் ஆடாக ஆட வேண்டும். தனி ஆடு அஞ்சுகிறது. ஆடுகள் நெருங்கி நின்றால் புலி தாண்ட முடியாமல் அடைபடுகிறது. வகுப்பில் பிறரைச் சீண்டி மகிழும் மாணவன் ஒரு முறையாவது ஆட்டின் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

பல்லாங்குழியில் வேறொரு பாடம். தோற்றவர் மிஞ்சிய முத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அவருடைய சில குழிகள் நிரம்பாமலே கிடக்கும். குறைந்த முத்துகளோடு தொடங்குபவருக்கு என்ன தோன்றுகிறது? நிறைந்த குழிகளோடு எதிரே இருப்பவருக்கு என்ன தோன்றுகிறது? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் நிறைந்த புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் இக்கேள்விக்கு நல்ல விடைகள் வரும்.

செய்து பாருங்கள்

ஒரு கடிகாரம், ஒரு தாள் போதும். ஆட்டம் தொடங்குமுன் மணிக்கட்டில் நாடியைத் தொட்டு 15 விநாடிக்கு எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடத் துடிப்பு கிடைக்கும். ஆட்டம் சூடு பிடித்தபோது ஒரு முறையும், முடிந்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறையும் எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அந்நேரத்து உணர்ச்சியை ஒரே சொல்லில் எழுதுங்கள். 'ஒரு மாதிரி' என்று எழுதக் கூடாது. அது ஒன்றே நிபந்தனை.

இரண்டு உண்மைகள் புலப்படும். ஒரே அளவு துடிப்புக்குப் பக்கத்தில் ஒருவர் 'ஆசை' என்றும் மற்றவர் 'பயம்' என்றும் எழுதியிருப்பார். அடுத்து, உச்சத்தில் இருந்த துடிப்பு சிறிது நேரத்தில் தானே இறங்கியிருக்கும். எந்த உணர்ச்சியும் ஏறிய உயரத்திலேயே நின்றுவிடுவதில்லை. துயரம் மிகுந்த இரவில் ஒரு மாணவன் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இது.

சைக்கிள் கற்ற மாவட்டம்

விளையாட்டு போன்ற ஒரு பயிற்சி அச்சத்தையும் கூச்சத்தையும் போக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால் எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. கல்லுடைக்கும் பெண்கள், வயலில் உழைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பேர் சைக்கிள் ஓட்டக் கற்றனர். கேலி பேசியவர்களும் இருந்தனர். 1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அப்பெண்களின் பயம் 'பயப்படாதீர்கள்' என்ற அறிவுரையால் போகவில்லை. திடலில், தோழியர் பின்னால் பிடித்துக்கொள்ள, பாட்டும் சிரிப்புமாக விழுந்து எழுந்ததால் போயிற்று. அச்சத்தைச் சிறிய அளவில், துணையோடு சந்திப்பது என்பது இதுதான்.

சில எச்சரிக்கைகள்

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். மதிப்பெண் வந்தவுடன் மாணவன் தன் உணர்ச்சியை எழுதமாட்டான், நமக்குப் பிடித்ததை எழுதுவான். இரண்டாவது, பேச விரும்பாதவனை வற்புறுத்தாதீர்கள், கேட்டுக்கொண்டிருப்பதும் பங்கேற்பே. மூன்றாவது, நம்பிச் சொன்னதைப் பிறர் முன் சொல்லிக் காட்டாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்தால் அந்த ஆய்வுக்கூடம் பூட்டப்பட்டுவிடும்.

புத்தகமும் விளையாட்டும் மருத்துவத்துக்கு ஈடாகமாட்டா. ஒரு மாணவன் பல வாரங்கள் தூக்கமின்றி, உணவின்றி, யாரோடும் சேராமல் இருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னாலோ, அதைப் 'பையன் சும்மா சொல்கிறான்' என்று தள்ளிவிடக் கூடாது. உடனே மருத்துவரின் உதவியை நாட வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் உணர்ச்சிகளைக் கையாளுதலும் ஒன்று. அதற்கெனத் தனிப் பாடவேளை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. புளியங்கொட்டையும் கோடு கிழிக்க ஒரு சாக்குக்கட்டியும் ஊர் நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகமும் இருந்தால், இந்தச் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். அடுத்த முறை "எப்படி இருக்கே?" என்று யாரேனும் கேட்கும்போது, நம் மாணவர்கள் "ஒரு மாதிரி" என்று நிறுத்தாமல் சரியான சொல்லைச் சொல்லட்டும். அந்தச் சொல்லை முழுமையாகக் கேட்கும் பொறுமை பெரியவர்களாகிய நமக்கும் வாய்க்கட்டும்.